வாசலில் நிற்க வேண்டிய துப்பாக்கி

திண்டுக்கல்லை விட்டு மதுரைச் சாலையில் தெற்கே இறங்கினால் இடது கைப்பக்கம் சிறுமலை கூடவே வரும். பின்னால் மலைக்கோட்டை வெகுதூரம் கண்ணை விட்டு மறையாது. மதுரை நாயக்கர்கள் கட்டி, மைசூருக்குக் கைமாறி, கடைசியில் ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்த கோட்டை அது. 1755-ஐ ஒட்டி ஃபௌஜ்தாராக இங்கே வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஓர் ஆயுதச் சாலையையே நடத்தினார். துப்பாக்கிக்குப் பேர்போன அந்த ஊர் பிற்பாடு பூட்டுக்குப் பேர்போனது. இதே சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் காந்திகிராமம். கோட்டையில் தொடங்கி காந்தி பெயரில் முடிகிற இந்தச் சிறு பயணத்துக்குப் பொருத்தமான கேள்வி ஒன்று உண்டு. முறையாக லைசென்ஸ் வாங்கிய கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருவர் சாமான் வாங்கக் கடைக்குள் வரலாமா? வரக்கூடாது என்றால் அதை யார் சொல்வது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் வாய்திறந்து அனுமதித்தால் ஒழிய வரக்கூடாது. அதைச் சொல்லும் பாரத்தைக் கடைக்காரர் தலையில் ஏற்றக்கூடாது, துப்பாக்கிக்காரரின் லைசென்ஸ் தாளிலேயே எழுதிவிட வேண்டும்.

துப்பாக்கி வைத்திருப்பதே தவறு என்று இந்த வட்டாரத்தில் நின்றுகொண்டு யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. பழனிப் பக்கம் விருப்பாச்சியில் இருந்த கோபால் நாயக்கர், திண்டுக்கல் பாளையங்களைத் திரட்டிக் கும்பினியை எதிர்த்தவர். 1801-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னையிலிருந்து ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதற்கே அதில் தடை. வைஸ்ராய் லிட்டன் காலத்து 1878 ஆயுதச் சட்டத்துக்கு முக்கால் நூற்றாண்டு முன்பே நம்மூரில் ஆயுதப் பறிப்பு நடந்து முடிந்துவிட்டது. அந்தக் கசப்பு காந்தியிடமும் இருந்தது. 1930 ஜனவரியில் வைஸ்ராய் இர்வின் முன் அவர் வைத்த பதினொரு கோரிக்கைகளில் கடைசி, தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தர வேண்டும் என்பது. அடுத்த ஆண்டு கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்திலும் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது. துப்பாக்கிப் பிரியர்கள் காந்தியைத் துணைக்கு அழைப்பது இந்த இடத்தில்தான், அழைப்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கோரிக்கையின் பின்பாதியை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். லைசென்ஸ் மக்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இந்த உரிமையை அரசியல் சாசனத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது சபை ஏற்கவில்லை. சாசனத்தின் 19-ஆம் பிரிவில் ஆயுதம் தலைகாட்டுவதும் ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை என்ற வடிவில்தான்.

இன்று நடைமுறையில் இருப்பது 1959-இன் ஆயுதச் சட்டமும் 2016-இன் ஆயுத விதிகளும். மாவட்டங்களில் லைசென்ஸ் தருபவர் கலெக்டர். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, லைசென்ஸ் ஐந்தாண்டு செல்லும். பொது இடத்தில் கைத்துப்பாக்கியைக் கொண்டுபோனால் உறையில் போட்டு, வெளியே தெரியாமல் முழுக்க மூடி வைத்திருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் விட முக்கியமான ஒரு நிபந்தனை லைசென்ஸ் தாளில் காலங்காலமாக இருந்து வருகிறது. தனி அனுமதி இல்லாமல் திருவிழாச் சந்தைக்கோ, சமய ஊர்வலத்துக்கோ, வேறு பொதுக்கூட்டத்துக்கோ, கல்வி நிறுவன வளாகத்துக்கோ அந்த ஆயுதத்தைக் கொண்டுபோகக் கூடாது. கூட்டம் சேர்கிற இடத்தில் துப்பாக்கி வேண்டாம் என்ற எளிய அறிவு இது. ஆனால் பட்டியலில் கடை இல்லை. நிபந்தனையை எழுதிய காலத்தில் கூட்டம் என்றால் தேரும் சந்தையும்தான். நாலு மாடி ஜவுளிக்கடையில் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையை அன்று யாரும் கற்பனை செய்திருக்க முடியாது. சித்திரைத் திருவிழாவில் கூடாத துப்பாக்கி, தீபாவளிக்கு முந்தைய வாரத்துக் கடைவீதியில் கூடுமா என்று கேட்டால் சட்டம் வாயைத் திறப்பதில்லை. காந்திகிராமத்தில் இந்த இடைவெளியைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிராமியப் பல்கலைக்கழகத்தின் வாசலைத் தாண்டி உள்ளே லைசென்ஸ் துப்பாக்கி போகக்கூடாது. அதே மாணவர்கள் வெளியே வந்து டீ குடிக்க நிற்கும் கடையில் அதற்குத் தடை எழுதியிருக்கவில்லை.

கடை தனியார் சொத்துதானே, வேண்டாம் என்றால் உரிமையாளரே சொல்லிவிட்டுப் போகட்டும் என்று தோன்றும். பெரிய மால்களும் திரையரங்குகளும் அப்படித்தான் செய்கின்றன. வாசலில் சோதனைச் சட்டகம், சீருடைக் காவலர், தடைசெய்த பொருள்களின் பலகை. ஆனால் அந்த ஏற்பாடு சின்னாளபட்டியில் செல்லுமா? காந்திகிராமத்தை ஒட்டிய நெசவூர் அது. சுங்குடிச் சேலைக்குப் பேர் பெற்றது. அங்கே சிறு கடை என்றால் பாயோ விரிப்போ போட்டிருக்கும், ஆள் நுழைந்ததும் கடைக்காரர் சேலைகளை ஒவ்வொன்றாக உதறி மடியில் விரித்துப் போடுவார். முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த இடத்தில் துணி இன்னும் சுருக்கம் விடாமல் இருக்கும், அதை விரலால் நீவிக் காட்டுவார். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவே ஒரு முழ தூரம்கூட இருக்காது. அந்தக் கடைக்காரர், வந்து உட்கார்ந்த பெரிய மனிதரைப் பார்த்து, “ஐயா, இடுப்புல இருக்கறத வெளியே வச்சுட்டு வாங்க” என்று சொல்வாரா? துப்பாக்கி லைசென்ஸ் இந்தப் பக்கம் யாரிடம் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நிலம், மில், பைனான்ஸ், கட்சி என்று ஏதாவதொன்றில் கை ஓங்கியவரிடம்தான். அவரிடம் இல்லை என்று சொல்லும் உரிமை கடைக்காரருக்குக் காகிதத்தில் மட்டுமே உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. விதிப்படி துப்பாக்கி மூடியிருக்க வேண்டும், ஆகவே கடைக்காரர் கண்ணில் அது படவே படாது. பார்க்க முடியாததை எப்படித் தடுப்பது? கடையில் எத்தனை பலகை மாட்டினாலும் அதை மதிக்கும் பொறுப்பு கடைசியில் துப்பாக்கிக்காரரின் மனச்சாட்சியிடமே போய்ச் சேர்கிறது. மனச்சாட்சியோடு சேர்த்து அவருடைய லைசென்ஸையும் பணயம் வைக்கச் சொல்வதுதான் என் வாதம். நிபந்தனையை மீறினால் லைசென்ஸ் போகும், தண்டனையும் உண்டு என்றால் அவரே வண்டி ஏறுமுன் ஒருமுறை யோசிப்பார். சேலைக்கடைக்காரர் வாயே திறக்க வேண்டாம்.

கடைக்காரருக்கு முழு அதிகாரம் தருவதில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. நம் நாட்டில் கடை என்பது முழுக்கத் தனியார் இடமாக ஒருபோதும் இருந்ததில்லை. சாசனத்தின் 15-ஆம் பிரிவு சாதி, மதம், பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டிக் கடைக்குள்ளும் உணவகத்துக்குள்ளும் யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. தென்மாவட்டத்து டீக்கடைகளின் இரட்டைக் குவளை வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த வரி ஏன் தேவைப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. எனவே ஆளைத் தடுக்கும் உரிமை கடைக்காரருக்கு இல்லை, ஆயுதத்தைத் தடுக்கும் உரிமை மட்டும் உண்டு என்று வகுக்க வேண்டும். அதையும் அவரவர் விருப்பத்துக்கு விட்டால் என்ன நடக்கும்? தெரிந்தவர் துப்பாக்கி உள்ளே போகும், தெரியாதவர் பை சோதனைக்கு உள்ளாகும். எல்லோருக்கும் ஒரே நிபந்தனை என்று சட்டம் எழுதினால் அந்தப் பாகுபாட்டுக்கு இடம் குறையும். கடைக்குள் பக்கத்தில் நிற்கும் கூலிக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. ஊரில் ஏற்கெனவே செல்வாக்குள்ளவர் இடுப்பில் துப்பாக்கியோடு வரிசையில் நின்றால், வரிசையில் முந்துவதைக்கூட யாரும் தட்டிக் கேட்க மாட்டார்கள்.

இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கடைந்துகொண்டிருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே ஆயுதம் அரசியல் சாசன உரிமை, ஆகவே பெரும்பாலான மாநிலங்களில் கடை வாயை மூடிக்கொண்டிருந்தால் துப்பாக்கி உள்ளே வரலாம் என்று பொருள். வேண்டாம் என்கிற கடைக்காரர்தான் பாடுபட வேண்டும். டெக்சாஸில் மறைத்து எடுத்துவரும் கைத்துப்பாக்கியைத் தடுக்க நினைக்கும் கடை, சட்டம் சொல்லும் அதே வாசகத்தை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில், பின்னணியிலிருந்து தனித்துத் தெரியும் நிறத்தில் எழுதி மாட்ட வேண்டும். எழுத்து சிறுத்தால் தடை செல்லாது! 2013-இல் ஸ்டார்பக்ஸ் காபிக்கடைகள் துப்பாக்கியோடு வர வேண்டாம் என்று வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதின, தடை என்று அறிவிக்காமல் வேண்டுகோள் என்றே. 2019 ஆகஸ்டில் எல் பாசோ நகரின் வால்மார்ட்டில் ஒருவன் சுட்டு 23 பேர் மாண்டார்கள். அடுத்த மாதம் உலகின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனமும் துப்பாக்கியை வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதே தவிர, தடை விதிக்கவில்லை. அத்தனை பெரிய வால்மார்ட்டே வேண்டுகோள்தான் வைத்தது என்றால் சின்னாளபட்டி சேலைக்கடைக்காரரிடம் நாம் எதை எதிர்பார்ப்பது? ஹவாய் மாநிலம் 2023-இல் வழக்கத்தைத் திருப்பிப் போட்டது. உரிமையாளர் வெளிப்படையாகச் சம்மதித்தால் மட்டுமே தனியார் இடத்துக்குள் துப்பாக்கி என்றது. அந்தச் சட்டத்தின் மீதான வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. நமக்கு அந்தச் சிக்கல் கிடையாது. லைசென்ஸ் இங்கே அரசு தரும் அனுமதி, நிபந்தனையோடுதான் வருகிறது. ஹவாய் போராடிப் பெற முயன்றதை நாம் ஒரு வரித் திருத்தத்தில் பெற்றுவிடலாம்.

இனி எதிர்வாதங்கள். கடைதானே திருடர்களின் குறி, அங்கே துப்பாக்கி இருப்பது பாதுகாப்புதானே என்பது முதலாவது. தமிழ்நாட்டில் கடைகளை யார், எப்படிக் கொள்ளையடித்தார்கள் என்று பார்த்தால் இதற்கு விடை தெரியும். 2019 காந்தி ஜெயந்தியன்று விடிந்தபோது திருச்சியின் பெரிய நகைக்கடை ஒன்றில் பின்சுவரில் ஓட்டை. விலங்கு முகமூடி போட்ட இருவர் இரவோடு இரவாகப் புகுந்து சுமார் 13 கோடி ரூபாய் நகையை அள்ளிப் போயிருந்தார்கள். 2017-இல் சென்னை கொளத்தூரில் கூரையைத் துளைத்து இறங்கினார்கள். இரண்டிலும் கடைக்குள் ஒரு வாடிக்கையாளரும் இல்லை, அவர் இடுப்பில் எது இருந்திருந்தாலும் பயனில்லை. பட்டப்பகலில் துப்பாக்கி காட்டி நடந்தது ஓசூர்க் கொள்ளை. 2021 ஜனவரியில் நகைக்கடன் நிறுவனக் கிளை ஒன்றில் சுமார் 25 கிலோ தங்கம் போனது. மறுநாளே ஹைதராபாத் அருகே கும்பல் பிடிபட்டது. பிடித்துக் கொடுத்தது தங்கத்தோடு வைத்திருந்த ஜி.பி.எஸ். கருவி. அந்த அறையில் ஒரு வாடிக்கையாளர் ரிவால்வரை உருவியிருந்தால் தங்கம் தப்பியிருக்குமோ என்னவோ, உயிர்கள் தப்பியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். கொளத்தூர்க் கொள்ளையின் தொடர்ச்சி இன்னும் வேதனையானது. கும்பலைப் பிடிக்க ராஜஸ்தான் போன இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் அங்கே குண்டு பாய்ந்து இறந்தார். குண்டு பாய்ந்தது சக அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து, தவறுதலாக என்று ராஜஸ்தான் போலீஸ் விசாரணை சொன்னது. பயிற்சி பெற்ற கை, அரசுத் துப்பாக்கி, கைகலப்பின் நெருக்கம். அந்த நெருக்கத்தில்தான் நம் கடைகள் எல்லா நாளும் இயங்குகின்றன.

கெட்டவன் பலகையைப் படித்துவிட்டா வருவான் என்பது இரண்டாவது. உண்மைதான், அவன் படிக்க மாட்டான். இந்த நிபந்தனை அவனுக்காக எழுதப்படுவதும் இல்லை. லைசென்ஸ் துப்பாக்கியால் வரும் ஆபத்து வேறு வகை, அது கோபத்திலிருந்து வருவது. 1999 ஏப்ரல் இறுதியில் டெல்லி மெஹ்ரோலியில் ஓர் உணவகத்தில் நள்ளிரவு தாண்டி மது கேட்டார் செல்வாக்கான குடும்பத்துப் பையன் ஒருவர். பார் மூடியாகிவிட்டது என்றார் பரிமாறிக்கொண்டிருந்த ஜெசிகா லால். குண்டு அவர் தலையில் பாய்ந்தது. சுட்டவரிடம் இருந்த .22 பிஸ்டலுக்கு லைசென்ஸ் இருந்தது. சாட்சிகள் பிறழ்ந்து, விசாரணை நீதிமன்றம் விடுவித்து, 2006-இல் உயர் நீதிமன்றம் தண்டித்து, 2010-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வியாபாரம் நடக்கும் தனியார் இடத்தில், விற்பனைப் பக்கம் நிற்பவர் இல்லை என்று சொன்னதற்காகச் சுடப்பட்ட வழக்கு அது. கடையில் துப்பாக்கி என்ற கேள்விக்கு இதைவிட நேரான சான்று இந்தியாவில் இல்லை. இங்கே பழனியிலேயே 2020 நவம்பரில் ஒரு நிலத் தகராறில் முதிய வணிகர் ஒருவர் தன் லைசென்ஸ் துப்பாக்கியால் இருவரைச் சுட்டார், ஒருவர் இறந்தார். அது கடைக்குள் நடந்ததில்லை, எனவே அதை இழுத்து நீட்ட மாட்டேன். கலெக்டர் அலுவலக விசாரணையில் தேறிய மனிதருக்கும் ஒரு நிமிடக் கோபம் வரும் என்பதற்கு மட்டும் அது சாட்சி.

மூன்றாவது எதிர்வாதத்தை மதிக்கத்தான் வேண்டும். 2022 ஜூலையில் இண்டியானா மாநிலத்தின் கிரீன்வுட் மாலில் ஒருவன் சுட ஆரம்பித்து மூன்று பேரைக் கொன்றபோது, அவனைச் சில நொடிகளில் சுட்டு வீழ்த்தியவர் 22 வயது வாடிக்கையாளர். அந்த மாலில் துப்பாக்கிக்குத் தடை இருந்தது, அவர் அதை மீறித்தான் எடுத்து வந்திருந்தார். நிபந்தனை இருந்து அவர் கடைப்பிடித்திருந்தால் இன்னும் பலர் செத்திருப்பார்கள், மறுக்க முடியாது. ஆனால் அவர் தேவைப்பட்டதே, வருகிற எவன் கையிலும் ரைஃபிள் எளிதில் கிடைக்கும் நாடு என்பதால். மாலில் கூட்டத்தைக் குறிவைத்துச் சுடும் வழக்கம் நம்மூரில் இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து என்று துப்பாக்கியைக் கடைக்குள் அனுமதித்தால், இருக்கிற நோயான கோபமும் சாதித் திமிரும்தான் பலன் பெறும். துப்பாக்கியை வெளியே எங்கே வைப்பது, காரில் விட்டால் களவு போகாதா என்ற கேள்வியும் இதோடு வரும். நல்ல கேள்வி. உயிருக்கு உண்மையான மிரட்டல் உள்ளவர், வங்கிக்குத் தங்கமும் பணமும் எடுத்துப் போகிற நகை வியாபாரி போன்றவர்களுக்குத் தனி அனுமதி தர ஏற்கெனவே வழி இருக்கிறது. சந்தைக்கும் ஊர்வலத்துக்கும் தருகிற அதே சிறப்பு அனுமதியைக் கடைக்கும் தரலாம். கடை உரிமையாளர் தன் கல்லாவில் வைத்திருக்கும் துப்பாக்கியும், தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டத்தின் கீழ் வரும் காவலரின் துப்பாக்கியும் வேறு கணக்கு. அவர்கள் யார் என்று வருகிறவருக்குத் தெரியும். மற்றவர்கள் காய்கறி வாங்கப் போகும்போது அதை வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகலாம். தேர்தல் சமயத்தில் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வாரக்கணக்கில் இல்லாமல் இருக்கிறவர்களுக்கு இது பெரிய தியாகமாக இருக்காது.

வீட்டுப் பெட்டி என்றதும் திண்டுக்கல்லை நினைக்காமல் இருக்க முடியாது. இந்த ஊர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரும்பாலும் கையால் செய்வது. மாங்காய்ப் பூட்டு என்று ஒரு வகை, மாங்காய் வடிவிலேயே இருக்கும். கையில் எடுத்தால் கனம் தெரியும். உள்ளே அடுக்கியிருக்கும் லீவர்களுக்குத் தக்கபடி சாவியின் பற்களைக் கைவினைஞர் ராவி ராவிப் பொருத்துவார். தன் சாவியைத் தவிர வேறெதற்கும் அசையாது. இந்த நாட்டுக் கடைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தது பூட்டும் கதவும் பக்கத்துக் கடைக்காரரின் கண்ணும். 

இந்தப் பயணம் முடிகிற காந்திகிராமத்தை டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கினார்கள். ராமச்சந்திரன் இங்கே மாணவர்களைக் கொண்டு சாந்தி சேனை அமைத்தார். கலவரம் மூண்டால் ஆயுதமின்றிக் கூட்டத்துக்குள் போய் நின்று தணிப்பது அதன் வேலை. தற்காப்புக்கு லைசென்ஸ் கேட்ட காந்தியும் சாந்தி சேனை வேண்டும் என்ற காந்தியும் ஒருவரே என்பதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆயுதத்தை அந்நியன் ஏகபோகமாக வைத்திருக்கக் கூடாது என்றார் முன்னதில். அதைக் கூட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம் என்றார் பின்னதில். இதே சாலை முடியும் மதுரையில் காந்தி அருங்காட்சியகத்தில், 1948 ஜனவரி 30 அன்று அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த வேட்டி இருக்கிறது. அவரைச் சுட்ட பெரெட்டா பிஸ்டலுக்கு லைசென்ஸ் கிடையாது, ஆகவே அதை என் வாதத்துக்குச் சான்றாக இழுக்க மாட்டேன். சட்டப்படியான துப்பாக்கியைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

செய்ய வேண்டியது சிறியது. மத்திய உள்துறை அமைச்சகம் லைசென்ஸ் நிபந்தனையில் திருவிழா, ஊர்வலம், கல்வி நிறுவனம் என்ற வரிசையோடு ‘உரிமையாளரின் வெளிப்படையான சம்மதமில்லாத கடை, உணவகம், திரையரங்கு’ என்று சேர்க்க வேண்டும். அது வரும்வரை வணிகர் சங்கங்கள் தம் உறுப்பினர்களின் வாசலில் ஒரே வாசகத்தில் பலகை மாட்டலாம். எல்லாக் கடையிலும் ஒன்றே எழுதியிருந்தால் எந்தக் கடைக்காரரையும் தனியே முறைக்க முடியாது. லைசென்ஸ் வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை கடைக்குக் கிளம்பும்போது அதை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள். சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.